துண்டுக்குள்ளே ஒரு பாடம்

பொள்ளாச்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? இளநீர். அப்புறம், வாய்க்கால் ஓரமாக ஹீரோவும் ஹீரோயினும் ஓடுகிற சினிமாப் பாட்டு. "அந்த ஊர்ல ஜனங்களே கிடையாதா சார்? எப்பப் பார்த்தாலும் தென்னை மரம்தான் நிக்குது!" என்று மெட்ராஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார்.

ஜனங்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டுமானால் செவ்வாய், வியாழன் மாட்டுச் சந்தைக்கு வாருங்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையைக் கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டு. அதற்கு அடியில் விரல்கள் விலை பேசும். பக்கத்தில் நிற்பவருக்கு மாடு தெரியும், மீசை தெரியும், விலை மட்டும் தெரியவே தெரியாது!

நான் பி.காம். மூன்று வருஷம் டெபிட், கிரெடிட் உருப்போட்டவன். எந்த லெட்ஜரிலும் இந்தத் துண்டு வரவில்லை. விலையை மறைத்தால் யாருக்கு லாபம்? இது பொருளாதாரம். எழுத்து இல்லை, ரசீது இல்லை, விரலை எப்படி நம்புகிறார்கள்? இது சமூகவியல். உள்ளே அத்தனை அமுக்கு அமுக்கியும் முகம் மட்டும் ஏன் மாறுவதில்லை? இது உளவியல். ஒரே துண்டுக்குள் மூன்று டிபார்ட்மெண்ட்! ஏலத்தில் யார் மனசில் இருக்கிற விலை யாருக்குத் தெரியாது என்பதைப் பற்றி 1961-ல் கட்டுரை எழுதிய வில்லியம் விக்ரி, 1996-ல் நோபல் பரிசே வாங்கினார். நம்ம ஊர்த் தரகருக்குத் துண்டுதான் மிச்சம்.

இந்த டிபார்ட்மெண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் கிளம்பினேன். கிணத்துக்கடவு வழியாக உக்கடம், அங்கிருந்து காந்திபுரம், அப்புறம் மருதமலை பஸ். பக்கத்து சீட்டில் அறுபது வயசுப் பெரியவர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பேசிப் பார்த்தால் அவரும் பொள்ளாச்சிப் பக்கம்தான், தென்னந்தோப்புக்காரர்.

"எங்க பாப்பா எம்.ஏ. சோசியாலஜி படிக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா தம்பி. பாரத்தைக் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாங்கறா. நேர்ல பார்க்காம நான் மாடே வாங்க மாட்டனுங்க! அதென்னங்க, சோசியம் பாக்கற படிப்புங்களா?"

"இல்லைங்க. சோசியக்காரர் ஒரு ஆளோட ஜாதகத்தைப் பார்ப்பார். இது ஊரோட ஜாதகத்தைப் பார்க்கும்."

"ஊருக்கு எதுக்குங்க ஜாதகம்?"

"உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?"

"அஞ்சு பேருங்க."

"உங்களுக்கு?"

"இந்த ஒரே பாப்பாதானுங்க."

"தேங்காய் பறிக்க?"

"முந்தி உள்ளூர் ஆளுங்க. இப்ப வடக்கத்திப் பசங்க. இந்தியில 'மேல ஏறு'ன்னு சொல்லவே நான் தனியாப் படிச்சனுங்க!"

"ஒரே தலைமுறையில அஞ்சு எப்படி ஒண்ணாச்சு, உள்ளூர் ஆள் எங்க போனாரு, வடக்கத்தி ஆள் ஏன் வந்தாரு? இதைத்தான் பாப்பா படிக்கப் போகுது."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அவர் தோப்புக்கு வருகிற பி.ஏ.பி. தண்ணீரும் ஒரு பாடப் புத்தகம்தான். மேற்கே போகிற ஆறுகளைக் கிழக்கே திருப்புவதற்காகக் கேரளத்தோடு 1970-ல் ஒப்பந்தம். அதுவும் 1958 முதலே அமல் என்று போட்டார்கள். பாசனத்தை நாலு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர். கடைமடைக்காரருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று கேட்டுப் பாருங்கள். இன்ஜினியர் கட்டின வாய்க்காலில் எத்தனை அரசியல் ஓடுகிறது என்று தெரியும்.

பல்கலைக்கழகம் வந்த கதை சுருக்கமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மையம் ஒன்று கோவையில் இருந்தது. அதை வைத்து 1982 பிப்ரவரியில் தனிப் பல்கலைக்கழகம். பாரதியாரின் நூற்றாண்டு வருஷம், பெயருக்குப் பஞ்சமில்லை. மருதமலை அடிவாரத்தில் சுமார் ஆயிரம் ஏக்கர். அட்மிஷன் போடாமலேயே உள்ளே வருகிற யானைகளும் உண்டு (ஹால் டிக்கெட் கேட்க யாருக்குத் தைரியம்?). இன்று கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி என்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதன் கீழே. பொள்ளாச்சியில் 1957-ல் தொடங்கிய என்.ஜி.எம். கல்லூரியும் அதில் சேர்த்தி.

சமூகவியல், பொருளாதாரம், உளவியல், சமூகப் பணி, மகளிரியல் என்று துறைகள் இருக்கின்றன. ஆனால் விருந்தாளி வந்தால் காட்டுவதற்கு மெஷின் வேண்டுமே! சயின்ஸ் துறை என்றால் ஏதாவது ஒன்று மினுக் மினுக் என்று எரியும். இங்கே மேஜை, நாற்காலி, ஒரு கட்டுக் கேள்வித்தாள். லேபாரட்டரி கேட்டுக்கு வெளியே, ஊர் பூராவும் பரந்து கிடக்கிறது. அதனாலேயே கண்ணில் படுவதில்லை.

வெளியூர்க்காரர்கள் கண்ணில் பட்டது. பிரெண்டா பெக் என்ற பெண்மணி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 1964-ல் வந்து, காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1966 வரை தங்கினார். தமிழ் பேசி, யார் வீட்டில் யார் சாப்பிடுவார், எந்தச் சாமிக்கு யார் முறை என்று குறித்துக்கொண்டார். அண்ணன்மார் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடக் கேட்டு டேப்பில் பிடித்தார். கொங்குச் சமுதாயம் பற்றி 1972-ல் புத்தகம். அண்ணன்மார் கதை பற்றி 1982-ல் இன்னொன்று. அந்தம்மா புஸ்தகமே போட்டு முடித்த வருஷம் நாம் போர்டு மாட்டினோம்! குறை சொல்லவில்லை, கும்பிட வேண்டிய உழைப்பு. ஆனால் அவர் பார்த்தது அறுபதுகளின் கொங்கு. அஞ்சு பேர் ஒரு பேரான இந்தக் கொங்கை யார் எழுதுவது? தோப்புக்காரர் மகள் எழுதினால் தப்பா?

"சொந்தக்காரங்க எல்லாம் இன்ஜினியரிங் சேர்த்துங்கறாங்க தம்பி. இதுக்குச் சம்பளம் எப்படிங்க?"

"முதல் மாசமே லட்ச ரூபாய்னு சொன்னா அது பொய்ங்க. சர்வே வேலை இருக்கு, ஆஸ்பத்திரியில, தொண்டு நிறுவனத்துல வேலை இருக்கு, காலேஜ்ல பாடம் எடுக்கலாம், ஐ.ஏ.எஸ். எழுதலாம். கொஞ்சம் பொறுக்கணும்."

"தென்னை வெச்சவனுக்குப் பொறுக்கத் தெரியாதுங்களா? மாப்பிள்ளை ஊட்ல கேட்டா என்ன சொல்றதுன்னுதான்..."

"பதில் சொல்லவும் அதுல சொல்லித் தருவாங்க!"

சிரித்துவிட்டார். யுனிவர்சிட்டி ஸ்டாப்பில் இறங்கினோம். மலையைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், புஸ்தகத்தோடு நடந்து போன பெண் பிள்ளைகளை ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே போய் விசாரிப்பார் என்று நினைத்தேன். செல்போனை எடுத்தார்.

"ஏங்கண்ணு... அந்தப் பாரத்தைக் கம்ப்யூட்டர்லயே போட்டுரு. இடம் பார்த்துட்டேன்."

பக்கத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். துண்டு தோளிலேயே இருந்தது.