ஓடுற வீடு, ஓசி வாசல்!

காமர்ஸ் படித்தவனுக்கு வீடு என்றால் அசையாச் சொத்து. அமெரிக்காவில் பல பேருக்கு அதுவும் அசையும் சொத்துதான்! 'ஆர்.வி.' என்கிற வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ்... வருஷம் 365 நாளும் அதிலேயே குடித்தனம்.

சரி, ராத்திரி எங்கே நிறுத்துவதாம்? மத்திய அரசின் புறம்போக்கு நிலங்களில் பெரும்பாலும் 14 நாள்தான் கெடு. அதனால் 'பூன்டாக்கர்ஸ் வெல்கம்' மாதிரி அமைப்புக்கு வருஷ சந்தா கட்டிவிட்டு, முன்பின் தெரியாத புண்ணியவான் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ நிறுத்துகிறார்கள். இடத்துக்கு வாடகை கிடையாது.

ஆனால், விருந்தாளிக்கும் லட்சணம் உண்டு, சார். கழிவுத் தொட்டியை அங்கே திறக்கவே கூடாது. கரண்ட் கொடுத்தாலும், சாதாரண பிளக் 15 ஆம்பியர், 120 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 1,800 வாட்தான். ஏ.சி.யையும் மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் வீட்டுக்காரர் லைன் 'ட்ரிப்'!

பல ஊர்களில் வீட்டு மனையில் வண்டிக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கச் சட்டமே இடம் தராது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போன் போட்டால் போதும், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஊர் சுற்றும் ஆசையில் வண்டியேறியவரும் உண்டு. வாடகை கட்ட முடியாமல் ஏறியவரும் உண்டு. கேட்டைத் திறந்துவிடுகிறவருக்கு ரெண்டு பேரும் ஒன்றுதான். காலையில் குப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சரி!