புல்லட்டின் பின் மட்கார்டு

பத்து நாளாக என் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. மருதாணியா தாத்தா என்று பேத்தி கேட்கிறாள். ரெட் ஆக்சைடு. அண்ணன் கொடுத்த புல்லட்டுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

புதுச்சேரியில் கடலுக்கு அரை மைலில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி, கேட், கிணற்று ராட்டினம், எதையும் அது விட்டு வைக்காது. சின்ன வகுப்பில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ‘ரூய்’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது ஈஃபில் கோபுரத்தைத்தான் உதாரணம் காட்டினார். 1889-இல் திறந்த அந்தக் கோபுரத்துக்கு ஏறக்குறைய ஏழு வருஷத்துக்கு ஒரு முறை பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கோபுரத்துக்கே அப்படியென்றால் என் மட்கார்டு எம்மாத்திரம்!

மகன், “பவுடர் கோட்டிங் குடுத்துடலாம்ப்பா, எதுக்கு இந்த வயசுல” என்றான். கொடுக்கலாம்தான். எனக்குப் பொழுது போக வேண்டாமா?

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ், அதன்பின் உப்புத்தாள். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பவர்கள் உண்டு. பத்து வருஷத்துக்கு முன் நானே அப்படிச் செய்து ஏமாந்தேன். துரு பஞ்சு மாதிரி, ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே தின்றுகொண்டிருக்கும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பிவிடும். அதனால் இந்த முறை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். தேய்த்ததை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். இந்த ஊரில் தேய்த்த இரும்பை ராத்திரி சும்மா விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். கடல்காற்று திரும்புவதற்கு முன், காலை வேளையில் அடிப்பது நல்லது. அந்தக் காலத்தில் இங்கே ஜன்னல் கம்பிக்கு ‘மினியம்’ என்று செந்தூர நிறத்தில் ஒன்று அடிப்பார்கள். நன்றாகத்தான் நின்றது, ஆனால் ஈய விஷம். ரெட் ஆக்சைடு போதும்.

முன் மட்கார்டு, டூல் பாக்ஸ், செயின் கவர் எல்லாம் ஒழுங்காய் முடிந்தன. பின் மட்கார்டில்தான் சிக்கிக்கொண்டேன்.

1986-இல் நடந்தது இது. அண்ணன் வண்டியை யாருக்கும் தரமாட்டார். ஆபீஸ் வேலையாகப் பாகூர் வரை போக வேண்டும் என்று நான் கெஞ்சியதால் ஒரு நாள் தந்தார். அங்கே மழையில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். ஸ்டாண்டு சேற்றில் இறங்கி, வண்டி ஒரு எல்லைக்கல் மேல் சாய்ந்துவிட்டது. பின் மட்கார்டின் இடது ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம். வரும் வழியில் ஒரு டிங்கர் கடையில் தட்டி, பட்டி வைத்து, கறுப்பு அடித்து வாங்கினேன். முழுக் கடையே ஒரு சுத்தியும் ஒரு பட்டி டப்பாவும்தான். இருட்டிய பிறகு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சாவியை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் அது சொல்ல முடியாத விஷயமாகிவிட்டது. 1998-இல் அவருக்கு முதுகு வலி வந்து, “நீயே வெச்சுக்கடா” என்று வண்டியை என்னிடமே கொடுத்தபோதும் வாய் வரவில்லை. அவர் போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது.

இப்போது உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்ததும் அந்தப் பட்டி அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. பள்ளம் அப்படியே இருந்தது. நாம் செய்த திருட்டுத்தனம் நம் கையிலேயே வந்து விழுகிறதே என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மட்கார்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்துக் கெட்டிச் சேற்றைச் சுரண்டினேன். பள்ளத்துக்கு நேர் பின்னால் மஞ்சளாய் ஒரு கோடு மின்னியது. பித்தளை வைத்துக் காஸில் பற்றவைத்த கோடு. அங்கே இரும்பு விரல் நீளத்துக்குக் கீறியிருக்கிறது, அதை யாரோ நேர்த்தியாக ஒட்டி, மேலே தாரும் பூசியிருக்கிறார்கள். நான் கொடுத்த கடையில் காஸ் கிடையாது. 1998-க்குப் பிறகு நான் எந்த வெல்டிங்கும் செய்யவில்லை.

இன்னொன்றும் மெதுவாகத்தான் உறைத்தது. அந்தச் சூட்டில் வெளிப்பக்கத்துப் பட்டியும் பெயிண்ட்டும் கருகியிருக்கும். அப்படியானால் இன்று என் கையில் பெயர்ந்தது நான் வைத்த பட்டி இல்லை. அண்ணன் பார்த்திருக்கிறார், கீறலைப் பற்றவைத்திருக்கிறார், எனக்குத் தெரியக்கூடாது என்று அதே இடத்தில் மறுபடி பட்டி வைத்து, அதே கறுப்பையும் அடித்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார்கள், காது கொஞ்சம் மந்தம். சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“அவருக்குத் தெரியாத ஸ்க்ரூ அந்த வண்டியில இருந்துச்சா தம்பி?” என்றார்கள்.

“என்கிட்ட ஏன் அண்ணி கேக்கல?”

“அது எனக்குத் தெரியாது. காபி சூடா இருக்கு, குடி.”

மறுநாள் அடிப்பக்கத்துக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கை அடித்தேன். பற்றவைத்த கோட்டின் மேல் தாராளமாகவே. வெளியே பட்டி வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைக்கவில்லை. நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு, நேராகவே கறுப்பு எனாமல் அடித்துவிட்டேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பள்ளம் நன்றாகத் தெரிகிறது. மகன் பார்த்துவிட்டு, “இங்க பட்டி விட்டுப்போச்சேப்பா” என்றான். விட்டுப்போகவில்லை என்றேன்.

இனி சென்டர் ஸ்டாண்டும் சைலன்சரும் பாக்கி. சைலன்சருக்குச் சூடு தாங்கும் பெயிண்ட் தனியாக வாங்க வேண்டும்.