கண்டி வழியாகக் குவைத்துக்கு

ஏ9 வீதியை உங்களில் பலர் கால்நடையாகவே அறிந்தவர்கள். சோதனைச் சாவடி, மூடிய பாதை, தடுப்பு முகாம் என்று அந்த வீதிக்கு எங்கள் மனதில் ஒரு முகம் இருக்கிறது. அது கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் 321 கிலோமீற்றர் வீதி. 2023 செப்டெம்பரில் அதே வீதியால் ஓர் அக்காவையும் அவருடைய 15 வயது மகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு வந்தேன். அக்கா போகவேண்டிய இடம் குவைத். மகளை நாவலப்பிட்டியில் தன் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அந்தக் கிழமையே விமானம் ஏற வேண்டும்.

கணவர் 2009இல் இறந்தபோது பிள்ளைக்கு ஒரு வயதும் நிரம்பவில்லை. பிறகு கோழி வளர்க்க ஒரு நுண்கடன், அதை அடைக்க இன்னொன்று, அதையும் அடைக்க மூன்றாவது. சமூகவியல் படித்துவிட்டு வேலைக்கு வந்த புதிதில் எல்லாப் பெண்களிடமும் "மத்தியகிழக்குக்குப் போகாதீர்கள்" என்று சொல்லித் திரிந்தவள் நான். இந்த அக்கா தன் கடன் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். "போகாமல் இதை எப்படிக் கட்டுறது, சொல்லுங்கோ மிஸ்" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. போவதென்றால் ஒழுங்காகப் போகட்டும் என்று அவருடைய கடதாசிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

பஸ்ஸில் மகள் யன்னலோரம். வவுனியா, மதவாச்சி தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்புள்ளை வரை வெளியில் காய்ந்த பற்றையும் குளங்களும்தான். நாவுல, நாலந்தா என்று வீதி ஏற ஏற மரங்கள் நெருங்கின. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கண்டதும் அக்கா கைகூப்பினார். 1983 கலவரத்தில் தீவைக்கப்பட்டு மறுபடி எழுந்த கோயில் அது. அதற்கு முந்திய மாதம்தான், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்தே வந்து சேர்ந்திருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

அக்காவின் ஆட்களும் அப்படி வந்தவர்கள்தான். 1977 கலவரத்தின்போது அவருடைய அம்மா நாவலப்பிட்டித் தோட்டத்தை விட்டு இதே வீதியால் வன்னிக்கு இறங்கினார். அவருடைய மூத்த சகோதரி மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். "அம்மா எந்த நேரமும் மழையைப் பற்றித்தான் சொல்லுவா மிஸ். வன்னியில செத்தாலும் நாவலப்பிட்டி மழையிலதான் செத்தா" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா.

அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பாலம், அடியில் மகாவலி கங்கை, பிறகு கண்டி. அன்றிரவு என் அறையில் தங்கிவிட்டு மறுநாள் காலை நாவலப்பிட்டிக்குப் போவதாக ஏற்பாடு. பின்னேரம் வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். கண்டியின் கடைசி அரசன் வெட்டுவித்த வாவி அது. அவனையும் வேலூருக்கு நாடு கடத்தினார்கள், திரும்பி வரவேயில்லை. இந்தக் கதையை நான் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு நினைத்தேன்.

அப்போதுதான் அக்காவின் கைபேசி அடித்தது. ஊரில் ஆள் பிடித்துத் திரியும் ஒரு தரகர். குவைத்தை விடச் சொல்லுகிறார். ஓமானுக்கு விசிட் விசா தயார், பயிற்சியும் வேண்டாம், பதிவும் வேண்டாம், நாளைக்கே முற்பணம் கையில் தருவாராம். மூன்று கடனில் இரண்டை உடனே அடைக்கக்கூடிய தொகை. அக்கா கைபேசியைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை இருந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் அப்படியொரு கடன் இருந்தால் ஆசை வரும்.

ஆனால் 2022 பிற்பகுதியில், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் அங்கே விற்கப்பட்டதாக வந்த செய்திகள் எனக்கு ஞாபகம் இருந்தன. விசிட் விசாவில் போகிறவளுக்கு வேலை ஒப்பந்தம் கிடையாது. பணியகத்தில் பதிவு இல்லாததால் காப்புறுதியும் கிடையாது. முற்பணத்தை வாங்கிவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லும் வாயும் அடைபட்டுவிடும். இதை நான் எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும்போது, காலையிலிருந்து வாய் திறக்காத பிள்ளை பேசினாள்.

"அம்மா, பதிஞ்ச இடத்துக்கே போங்கோ. நீங்க எங்க இருக்கிறீங்கள் எண்டு எனக்குத் தெரியோணும்."

அக்கா கைபேசியை நிறுத்திவிட்டார்.

மறுநாள் கோச்சியில் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில்தான் முதல் கோப்பித் தோட்டம் தொடங்கியது என்பார்கள். இறங்கும்போதே மழை. லயத்து வாசலில் பெரியம்மா இரண்டு கையாலும் பிள்ளையின் முகத்தைப் பிடித்து, "ஏன் தங்கச்சி முகம் அப்படியே இருக்கே" என்று அழுதார். அடுத்த நிமிடமே, "பரீட்சை எழுதுற புள்ள, எந்த மூலையில லைட்டுப் போடணும்னு சொல்லு" என்று மருமகனை விரட்டினார். அந்தக் கேள்வியைக் கேட்டபிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

இரவு பிளேன்டீயுடன் பாயில் கடதாசிகளைப் பரப்பினோம். முதலில் கடவுச்சீட்டில் உள்ள பிறந்த திகதியைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தோம். மூதூர்ப் பிள்ளை றிசானா நபீக்கை உங்களுக்கு நினைவிருக்கும். 2005இல் 17 வயதில், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டில் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவள் சம்பவ நேரத்தில் சிறுமி என்பதை நிரூபிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது!

குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2015இல் 68ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, கிழமையில் ஒருநாள் ஓய்வு, வருடத்தில் சம்பளத்தோடு விடுமுறை, வேலை முடிந்து வரும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் கொடுப்பனவு. கடவுச்சீட்டை எஜமானர் பறித்து வைக்கவும் கூடாது. எழுத்தில் உள்ளதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு, பணியகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகள் பெரியம்மாவின் இரும்புப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் போயின. முகவர் நிலையத்தின் இலக்கத்தையும் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தையும் பிள்ளை தன் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

"அங்க எவ்வளவு சூடு மிஸ்?" என்று அக்கா கேட்டார். 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 பாகை செல்சியஸ் பதிவானது என்று சொன்னேன். பெரியம்மாவுக்கு அந்த எண் விளங்கவில்லை. மாசி, மார்கழி இரவுகளில் பாலைவனமும் நன்றாகக் குளிரும் என்றதும் எழுந்துபோய்த் தன் கம்பளிச் சட்டையை எடுத்துவந்து பையில் திணித்தார்.

பிறகு கடுகண்ணாவை இறக்கம், மாவனல்லை, கேகாலை, கட்டுநாயக்க. அந்தப் பயணத்தில் சொல்வதற்கு அதிகமில்லை. அக்கா கடவுச்சீட்டுப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார். விமான நிலைய வாசலில் கண்டி, கம்பளை, குருநாகல் பக்கத்துப் பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு இது இரண்டாம், மூன்றாம் முறை. அவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்றார். உள்ளே போகும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஓய்வு நாள் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆரம்பத்தில் அரைநாள்தான் கிடைத்ததாம். அந்த அரைநாளில் மகளுக்கு எடுத்தார். என்ன சமைத்தாய், என்ன படித்தாய் என்று கேட்டுவிட்டு, "அங்க மழையா?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளை பதில் சொல்லாமல் கைபேசியை லயத்துத் தகரக் கூரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சே இல்லையாம். "அங்க அவ காசு கரையுதுடி, போனை வை" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டது பெரியம்மாதான்.