எடுத்த பக்கத்தைத் திருப்பி வைத்தல்

சென்ற பருவத்தில் ஓரிரவு, விடுதியில் அடுத்த அறையிலுள்ள கணினியியல் அண்ணன் ஒருவர் நான்கு தாள்களுடன் என்னிடம் வந்தார். "தம்பி, அச்சுப்பிழை பார்ப்பதில் நீ வல்லவன் என்கிறார்கள். இதில் பிழை எங்கேயென்று சொல், பார்ப்போம்" என்றார்.

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலுக்கென அவர் எழுதிய சிறு நிரல் அது. அவருடைய புதிய 64 பிட்டுக் கணிப்பொறியில் அது பழுதின்றி ஓடிற்று. 2 ஜிகாபைட்டு நினைவகமுடைய பழைய 32 பிட்டுப் பொறியில் ஏற்றினாலோ, சில மணி நேரத்தில் அசைவற்று நின்றது. அப்பழைய பொறியில்தான் மறுவாரம் தேர்வாளர் முன் இயக்கிக் காட்டவேண்டும். ஆதலின் அவர் முகம் வாடியிருந்தது.

தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய எனக்கு அவர் பொறுமையோடு விளக்கினார். 32 பிட்டில் எழுதத்தக்க முகவரிகள் 4 ஜிகாபைட்டளவே. வழக்கமான பகுப்பில் அவற்றுள் 1 ஜிகாபைட்டுத்தான் கெர்னலுக்கு உரியது. அதிலும் நினைவகத்தின் முதல் 896 மெகாபைட்டுக்கே நிலையான முகவரியுண்டு. அதற்கு மேலுள்ள பக்கமொன்றைத் தொடவேண்டின் (4096 பைட்டுப் பகுதிக்குப் 'பக்கம்' என்றே பெயரென அறிந்து உவந்தேன்), கேமேப் என்னும் செயற்கூற்றால் தற்காலிக முகவரி பெற்று, வேலை முடிந்ததும் கேஅன்மேப் என்பதால் திருப்பித் தரல்வேண்டும். இவ்வாறு கடன்தரும் இடங்கள் 1024. சில அமைப்புகளில் 512. எல்லாம் தீர்ந்துவிடின், எவரேனும் ஒன்றைத் திருப்பும்வரை அடுத்துக் கேட்போர் உறங்கிக் காத்திருக்கவேண்டியதே.

நிற்க. நான் தாள்களை மும்முறை படித்தேன். ஒவ்வொரு கேமேப்புக்கும் கீழே ஒரு கேஅன்மேப் இருந்தது. தொடக்கமும் முடிபும் இயைந்தன என மகிழ்ந்து, "பிழையில்லை" என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவரும் அதை நம்பி, பொறியின் மேலேயே பழிபோட்டு இரண்டு நாட்களை வீணாக்கினார்.

பிழை இடையிலே இருந்தது. பக்கத்தின் தலைப்பு செல்லாததாயின் நிரல் அங்கேயே திரும்பிவிடும். கீழேயுள்ள கேஅன்மேப்பை அது எட்டுவதேயில்லை. செல்லாத தலைப்பு வருந்தோறும் ஓரிடம் கடனாகவே நின்றது. 64 பிட்டுப் பொறியில் எல்லாப் பக்கங்களுக்கும் நிலையான முகவரி இருத்தலின், அக்குற்றம் வெளிப்படவில்லை. சொற்களைப் பார்த்த நான் வழியைப் பார்க்கவில்லை.

திரும்பும் வரிக்கு மேலே கேஅன்மேப் ஒன்றைச் சேர்ப்பார் என்றெண்ணினேன். அவரோ இரண்டையுமே அடித்துவிட்டு, மெம்கப்பி-ஃப்ரம்-பேஜ் என்னும் துணைச் செயற்கூற்றை எழுதினார். கோப்பு முறைமைகளும் பிறவும் எளிதில் கையாளுமாறு 2021-இல் பொதுத் தலைப்புக் கோப்பில் சேர்க்கப்பட்டது அது. பக்கம், தொடங்குமிடம், நீளம் இவற்றைக் கொடுத்தால் முகவரி பெறுதலும், படியெடுத்தலும், முகவரியைத் திருப்புதலும் அதனுள்ளேயே முடிந்துவிடும். பின்னர்த் தலைப்பை நம்முடைய படியில் வைத்துச் சோதிக்கலாம். எவ்விடத்தில் திரும்பினும் கடனில்லை.

அதனுள்ளே வேலை செய்வது 5.11 பதிப்போடு வந்த கேமேப்-லோகல்-பேஜ். அதன் முகவரி பெற்றவனுக்கே உரியது. கடைசியில் பெற்றதை முதலில் திருப்பவேண்டும். படியெடுப்பதற்கன்றி நெடுநேரம் பிடித்திருப்பதற்குத் துணைச் செயற்கூறு உதவாது. ஆங்கே இதனை நேரே அழைத்து, நாமே விழித்திருத்தல் வேண்டும். பழைய முறையில் வேறொரு விபரீதமும் உண்டு: கேஅன்மேப் பக்கத்தைக் கேட்கும், அதன் உடன்பிறப்பாகிய கேஅன்மேப்-அட்டாமிக்கோ முகவரியைக் கேட்கும். இலக்கணம் பயில்வோன் இவ்வேற்றுமை மயக்கத்தை மன்னிப்பானா?

அன்றிரவு முழுதும் பழைய பொறி ஓடிற்று. நாங்களிருவரும் தேநீருடன் அதன் எதிரே அமர்ந்திருந்தோம். விடியலில் அவர் சிரித்தார். அந்நான்கு தாள்களும் இப்போது என்னிடம் உள்ளன. இரண்டாந்தாளின் ஓரத்தில் என் பென்சில் எழுத்து இன்னும் அழியாதிருக்கிறது.