வரப்புக்கு இப்பாலும் அப்பாலும்

"வாக்குச்சீட்டு வெள்ளைக்காரர் கொண்டுவந்த சரக்குத்தானே, ஹஜ்ரத்?" என்று பாடத்தின் நடுவே மாணவர் ஒருவர் என்னை வினவினார். ஷூரா என்னும் சொல்லை ஓதி வளர்ந்தவர்க்குக் கலந்தாலோசித்தல் அயலார் சரக்கு அன்று. ஆயினும் தலைக்கொரு வாக்கு என்னும் ஏற்பாடு எங்கள் ஏம்பலம் போன்ற சிற்றூருக்கு வந்த வழியைச் சொல்லப் புகுந்தால், பாரிஸ் நகரத்து வீதிகளிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

1848 பெப்ருவரியில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து மன்னர் லூயி பிலிப்பை அகற்றிக் குடியரசை நிறுவினர். புதிய அரசு ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை என்று அறிவித்தது. அவ்வுரிமையைப் புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளுக்கும் நீட்டியது. ஐந்தாண்டுகளுக்கு மேல் இங்குக் குடியிருந்தமையைக் காட்டினால் போதும். பிரெஞ்சுக் குடிமகன் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை என்று 1848 ஏப்ரல் 27இல் விதித்தது. இங்கே யாரும் போராடிப் பெற்றதன்று இது. அதனாலேயே அங்கே காற்று மாறியபோது கேட்பாரின்றிப் பறிபோகவும் செய்தது. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார்; மறு ஆண்டே குடியேற்ற நாடுகளின் பிரதிநிதித்துவம் நீங்கியது. 1870இல் பிரஷ்யரிடம் சேதான் களத்தில் அவர் சிறைப்பட, மீண்டும் குடியரசு. 1871இல் மீண்டும் நமக்கு வாக்கு. எங்கோ நடந்த போர், புதுவை உழவனின் வாக்கைத் திருப்பித் தந்தது!

இதில் முஸ்லிம்கள் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1819 ஜனவரியில் பிறந்த ஆணை ஒன்று இந்துக்கள், கிறித்தவர்கள், 'மூர்கள்' என்று அவர்கள் குறித்த முஸ்லிம்கள் ஆகியோரின் வழக்குகள் அவரவர் சட்ட வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றது. ஆகவே நிக்காஹ், தலாக், வாரிசுப் பங்கு ஆகியவற்றில் ஷரீஅத்தைப் பற்றி நின்றவாறே இவ்வூர் முஸ்லிம் வாக்களித்தார். அதே பிரான்ஸ் அல்ஜீரியாவில் செய்தது என்ன? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள முஸ்லிம் பிரெஞ்சுப் பிரஜையாவார்; குடிமகன் ஆகார். குடிமகனாக வேண்டின் ஷரீஅத் தனிச்சட்டத்தைக் கைவிட வேண்டும். அவ்வாறு கைவிட்டவர் மிகச் சிலரே. கொள்கை ஒன்று, நாடும் ஒன்று, நீதி மட்டும் இரண்டு! அல்ஜீரிய மண்ணில் ஐரோப்பியக் குடியேறிகள் இலட்சக்கணக்கில் பெருகினர். முஸ்லிம்கள் திரண்டு வாக்களித்தால் அவர்களின் மேலாண்மை சாய்ந்துவிடும். இங்கோ ஐரோப்பியர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். இழப்பதற்கு அவர்களுக்கு அத்துணை இல்லை. இரண்டுக்கும் காரணம் இதுவே என்பது என் எண்ணம்.

இங்கும் அந்த அச்சம் அடியோடு இல்லாமற் போகவில்லை. உள்ளூர்ச் சபைகளுக்கு வாக்காளரைப் பட்டியல்களாகப் பிரித்தனர். 1881ஆம் ஆண்டுச் சட்டப்படித் தம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். 1884இல் ஐரோப்பியர்க்கு ஒன்று, துறந்தவர்க்கு ஒன்று, துறவாதவர்க்கு ஒன்று எனப் பட்டியல் மூன்றாயிற்று. ஐரோப்பியர் பட்டியல் தன் தலைக்கணக்குக்கு எவ்விதத்திலும் பொருந்தாத இடங்களைப் பெற்றது. துறவாத இந்துவும் துறவாத முஸ்லிமும் ஒரே பட்டியலில் நின்றனர். வரப்புக்கு அப்பால் தென்னார்க்காட்டில், பிரிட்டிஷ் ஆட்சியில், 1909இல் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வந்தது. ஆனால் அங்கே சொத்தும் வரியும் உடையார்க்கே வாக்கு. ஏழைக் குடியானவன் 1951-52 பொதுத்தேர்தல் வரை காத்திருந்தான். இரு ஆட்சிகளின் நிலமும் பின்னிக் கிடந்த இப்பகுதியில் ஒரு வரப்பைத் தாண்டினால் குடிமகன், மறு வரப்பைத் தாண்டினால் வெறும் குடி. பிரெஞ்சுப் பகுதித் தேர்தல்கள் தூயன என்று எண்ணிவிட வேண்டா. அடிதடிக்கும் கள்ள வாக்குக்கும் அவை பேர்போனவை.

அல்அஸ்ஹரில் பயின்ற ரிஃபாஆ அத்தஹ்தாவி 1826இல் எகிப்திய மாணவர் குழுவுக்கு இமாமாகப் பாரிஸ் சென்றார். 1830 ஜூலைப் புரட்சியைக் கண்ணாரக் கண்டார்; பிரெஞ்சு அரசியல் சாசனத்தை அரபியில் பெயர்த்துத் தந்தார். அவர்கள் சுதந்திரம் என்பதை நாம் நீதி, நேர்மை என்னும் பெயர்களால் அறிவோம் என்பது அவர் கருத்து. அந்த நீதியை அல்ஜீரியாவுக்கு மறுத்தவர்களும் அவர்களே. இவ்விரண்டையும் சேர்த்தே மாணவர்க்குச் சொன்னேன்.

ஊராட்சிக் கதை வேறு. 1880இல் பத்து கொம்யூன்களை அமைத்தனர். 1907இல் அவை பதினேழாயின. அவற்றுள் ஒன்று எங்கள் நெட்டப்பாக்கம். 1954 மார்ச் இறுதியில் விடுதலைக் கொடி ஏறியதும் அங்கேதான். அவ்வாண்டு அக்டோபர் 18இல் கீழூரில் கூடி இந்தியாவுடன் இணைய வாக்களித்த 178 பேரும் அந்த நகரசபைகளுக்கும் பிரதிநிதித்துவ சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 170 பேர் ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். பிரெஞ்சுக்காரர் போயினர், கொம்யூன் என்னும் சொல் பஞ்சாயத்தின் பெயர்ப்பலகையில் நின்றுவிட்டது. இணைப்புக்குப் பின் 1968இல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கு 38 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது; 2006இல் அமைந்த சபைகளின் காலம் 2011இல் முடிந்தது.