மார்பளவு உயரத்தில் ஒரு கோடு

சென்ற ஆனி மாதத்தில், தென்மேற்குப் பருவமழை இரண்டு நாட்கள் விட்டுவிட்டுப் பெய்து ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில், கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையை விட்டு விலகி, வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டிகளின் துணையோடும் முதுமலையின் கார்குடிப் பகுதிக் காட்டுக்குள் நான் பிரவேசித்தபோது, அங்கே காண்பதற்குக் கட்டடமோ கோபுரமோ யந்திரமோ எதுவும் இராது என்பதை முன்னரே அறிந்திருந்தும், என் கண்கள் அவற்றைத் தேடவே செய்தன. இருந்தவையெல்லாம் மரங்களே, ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிறு தகடு, தகட்டில் ஓர் எண், மார்பளவு உயரத்தில் வண்ணத்தால் இட்ட ஒரு கோடு. வெப்பமண்டலக் காடுகள் மாறிவரும் பருவநிலைக்கு என்ன மறுமொழி சொல்லுகின்றன என்று உலகம் கேட்கும் பெரிய கேள்விக்கு விடை தேடும் இடங்களுள் ஒன்று, இத்தனை எளிய கோலத்தில் இருந்தது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், யானைகளைப் பற்றிய ஆராய்ச்சியால் பெயர் பெற்ற ராமன் சுகுமாரின் தலைமையில், 1988-இல் இந்த நிரந்தர ஆய்வுக் களத்தை அமைத்தார்கள். நீளம் 1000 மீட்டர், அகலம் 500 மீட்டர். ஆக 50 ஹெக்டேர். பனாமா நாட்டின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பெலும் ராபின் ஃபாஸ்டரும் 1980-இல் தொடங்கிவைத்த முறையைப் பின்பற்றி, 1 சென்டிமீட்டர் குறுக்களவை எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும், அதாவது சுண்டுவிரல் பருமனுள்ள கன்றுக்கும்கூட, ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். அந்தத் தீவின் மழைக்காட்டில் அதே பரப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் நெருங்கி நிற்க, வெயிலில் இலையுதிர்க்கும் இந்த வறண்ட காட்டிலோ முதற் கணக்கில் ஏறக்குறைய 25 ஆயிரம் மரங்களும் 70 இனங்களுமே இருந்தன. அன்று முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு மரத்தையும் தேடிச் சென்று உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் பருமனை அளப்பதும் நடந்துவருகின்றன.

என்னை அழைத்துச் சென்றவர்கள் மூவர். நாடாவைப் பிடிப்பவர் குறும்பர் குலத்தைச் சேர்ந்த, அறுபதை நெருங்கும் ஒரு பெரியவர்; குறிப்பேட்டில் எழுதுபவர் மசினகுடிப் பக்கத்துப் பெண்மணி; யானை வருகிறதா என்று முன்னே சென்று பார்ப்பவர் ஓர் இளைஞர். பெரியவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் இலையோ பூவோ காயோ இல்லாத ஒரு மரத்தை அதன் பட்டையைக் கொண்டே, சில வேளைகளில் பட்டையைக் கீறி மோந்து பார்த்தே, இன்னதென்று சொல்லிவிடுவார். "இது கருமருது சார், முதலைத் தோலு மாதிரி வெடிச்சிருக்கும். அது வெண்தேக்கு, சட்டை கழட்டுற மாதிரி தோலை உரிச்சு உரிச்சுப் போடும்" என்று அவர் கைநீட்டிக் காட்டிய பிறகே, ஒரே சாம்பல் நிறத் திரளாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்த அந்தக் காடு தனித்தனி முகங்களாகப் பிரிந்தது.

மரத்தை அளப்பதென்றால் நாடாவைச் சுற்றி இழுப்பதுதானே என்று நினைப்பவர்கள் அவர் அளப்பதை ஒருமுறை அருகில் நின்று பார்க்கவேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரமுள்ள கழியை மரத்தோடு சேர்த்து நிறுத்துகிறார். சரிவான நிலமாயின் மேட்டுப்பக்கத்தில் நிறுத்துகிறார். பழைய கோட்டைக் கண்டுபிடித்து, அதன்மேல் படர்ந்த பாசியை உள்ளங்கையால் மெதுவாகத் துடைக்கிறார். வெண்தேக்காயின் தளர்ந்து தொங்கும் தோலை மட்டும் நீக்கி, உறுதியான பட்டையைத் தொடாமல் விடுகிறார். கருமருதாயின் ஒரு செதிலைக்கூடப் பெயர்ப்பதில்லை. மரத்தை அணைத்துக்கொள்வதுபோல நாடாவை மறுபக்கம் அனுப்பி வாங்கி, அது முறுக்கிக்கொள்ளவில்லை என்பதையும் சாயவில்லை என்பதையும் ஒரு சுற்று நடந்து பார்த்து, அதன் பின்னரே எண்ணை உரக்கச் சொல்லுகிறார். எழுதும் பெண்மணி அதைத் திருப்பிச் சொல்லுகிறார். சென்ற கணக்கின் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லையென்றால், "அண்ணே, இன்னொரு தரம்" என்கிறார். அவரும் முகம் சுளிக்காமல் மறுபடி கழியை எடுக்கிறார்.

இவ்வளவு சிரத்தைக்குக் காரணம் உண்டு. இத்தகைய வறண்ட காட்டில் ஒரு மரம் ஓராண்டில் பருப்பது பெரும்பாலும் சில மில்லிமீட்டரே. நாடா நான்கு விரற்கடை மேலேறினாலோ கீழிறங்கினாலோ, ஓராண்டு முழுவதும் மரம் உழைத்துச் சேர்த்த வளர்ச்சி அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். அதுவன்றியும், மரத்தின் பருமன் நிலையானதொன்று அன்று. கோடையில் அடிமரம் நீரிழந்து சுருங்குகிறது. மழை பெய்தவுடன் நீர் குடித்து உப்புகிறது. ஒருமுறை மாசியிலும் மறுமுறை ஆவணியிலும் அளந்தால், வளராத மரம் வளர்ந்ததாகவும் வளர்ந்த மரம் தேய்ந்ததாகவும் ஏட்டில் ஏறிவிடும். ஆகவே, அதே கோடு, கூடியமட்டும் அதே பருவம், கூடியமட்டும் அதே கை.

ஆனால் அளப்பதைவிட அரிய காரியம், ஒரு மரம் இறந்துவிட்டது என்று சொல்வது. இதை நான் அங்கே போவதற்கு முன் எண்ணிப்பார்த்ததே இல்லை. கோடையில் இக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை இலையின்றிப் பட்டமரம்போல் நிற்கின்றன. தீ வந்து போனால், கன்றுகளின் தண்டு கருகிச் சாய்ந்துவிடுகிறது. ஆயினும் வேர் மண்ணுக்குள் விழித்திருந்து, மழைக்குப் பின் அதே இடத்திலிருந்து புதுத் துளிரை அனுப்புகிறது. சென்ற ஆண்டு இறந்ததாக எழுதப்பட்டது இந்த ஆண்டு எழுந்து நிற்கிறது. அது பழைய உயிரா, புதிய உயிரா? அடியில் மண்ணை விலக்கி, துளிர் பழைய வேரிலிருந்து கிளம்புகிறதா, பக்கத்தில் விழுந்த விதையிலிருந்து முளைத்ததா என்று முழந்தாளிட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியவர் அந்தப் பெரியவர்தான்.

இறந்ததென்று உறுதியான பின்னர், எதனால் என்ற கேள்வி வருகிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் உயிர்நாடி இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. கைடியா என்று நூல்களில் வழங்கும் ஒரு மரம் களத்தின் முதற் கணக்கில் மிகுதியாக இருந்து, பின்வந்த ஆண்டுகளில் பெருமளவு அருகிவிட்டது. தூரத்திலிருந்து எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் மழையையும் வெயிலையும் குற்றம் சொல்லியிருக்கக்கூடும். அம்மரத்தை ஒடித்தும் பட்டையை உரித்தும் தின்றவை யானைகள் என்பதை, முறிந்த கிளையையும் கிழிந்த பட்டையையும் அவ்விடத்திலேயே கண்டவர்களின் குறிப்பு தெரிவித்தது. அடியில் கரி இருந்தால் தீ. நார்நாராகத் தோல் உரிந்திருந்தால் யானை. இவை எதுவுமின்றி உச்சிக் கிளைகள் முதலில் காய்ந்து, ஆண்டுக்காண்டு கீழ்நோக்கி உலர்ந்துகொண்டே வந்திருந்தால், அப்பொழுதுதான் வறட்சியின் மேல் சந்தேகம் எழுகிறது.

வறட்சியோ தன் கணக்கை உடனே தீர்ப்பதில்லை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முதுமலையில் தொடர்ந்து சில ஆண்டுகள் மழை பொய்த்தது. களத்தின் பல்லாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்தவர்கள், பருத்த மரங்களின் சாவு மழை குறைந்த அதே ஆண்டில் அல்லாமல், சில ஆண்டுகள் பின்தங்கியே வருவதைக் கண்டார்கள். பெரிய மரம் ஆழத்து நீரையும் உடலில் சேர்த்த உணவையும் செலவழித்துச் சில காலம் தாக்குப்பிடிக்கிறது. மழை மீண்டும் நன்றாகப் பெய்து, எல்லோரும் வறட்சியை மறந்துவிட்ட ஒரு பசுமையான ஆண்டில் அது சாய்கிறது. இரண்டு ஆண்டு மானியத்தோடு வந்து இரண்டு ஆண்டில் திரும்பிவிடும் ஆராய்ச்சிக்கு இந்தச் சாவின் காரணம் ஒருநாளும் புலப்படாது. நல்ல மழை பெய்த வருஷத்திலும் காட்டுக்குள் வந்து, பார்ப்பதற்கு எதுவும் இல்லாதபோதும் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்ததனால் அல்லவா அது புலப்பட்டது?

பகல் பத்து மணியளவில் முன்னே சென்ற இளைஞர் கையை உயர்த்தினார். உண்ணிச்செடிப் புதருக்கு அப்பால் கிளை முறியும் ஓசை கேட்டது. ஒருவரும் பேசவில்லை. அரை மணி நேரம் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று, ஓசை தேய்ந்த பின் திரும்பி வந்தோம். பெண்மணி விட்ட எண்ணிலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினார்.

அன்று கடைசியாகப் பார்த்தது ஒரு கருமருது. சுற்றியிருந்தவை யாவும் தளிர்த்திருக்க, அது மட்டும் வெறுங்கிளையோடு நின்றது. இறந்ததென்றே நான் கருதினேன். பெரியவர் இடுப்புக் கத்தியை எடுத்து, கோட்டுக்கு வெகு கீழே நகத்தளவு பட்டையைச் சீவினார், உள்ளே பழுப்பு. கிழக்குப் பக்கம் சென்று சீவினார், அங்கும் பழுப்பு. வடபுறத்தில், இரண்டு வேர்களுக்கு நடுவே குனிந்து, நெடுநேரம் தயங்கி, மூன்றாவது முறை சீவியபோது, ஈரமான ஒரு பச்சைக் கீற்று தெரிந்தது. அதை அவர் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

"உசுரு இருக்கும்மா, அப்படியே எழுதிக்க" என்றார்.

பெண்மணி எழுதினார். உச்சி காய்ந்தது, தீத்தடம் இல்லை, யானைத்தடம் இல்லை என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். பெரியவர் சீவிய இடங்களில் ஈரமண்ணைக் குழைத்து அப்பிவிட்டு, கழியை எடுத்துத் தோளில் வைத்தார்.