மாஸ்க்கைக் கழற்றச் சொன்ன டாக்டர்

2020 மார்ச் 22-ஆம் தேதி மத்திய அரசு முடக்கச் சொன்ன மாவட்டங்களில் மூன்று தமிழ்நாட்டில் இருந்தன: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஈரோடு மாவட்டம் குமாரபாளையத்துக்காரர்களான எங்களுக்குக் காவிரியின் அக்கரை. பவானியில் வீடு, குமாரபாளையத்தில் தறி வேலை என்று பாலத்தைத் தினமும் கடந்துகொண்டிருந்தவர்கள் பல பேர். இரண்டே நாளில் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பாலத்தில் தடுப்பு வைத்தார்கள். அக்கரையிலிருந்து யார் வந்தாலும் கொரோனாவைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம் ஊருக்குள் பரவியது.

அப்போது நான் ஊரில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எங்களிடம் சி.டி. ஸ்கேன் இருந்தது, நரம்பியல் மருத்துவர் இல்லை. பக்கவாதம் என்று யார் வந்தாலும் முதலுதவி செய்து சேலத்துக்கோ கோவைக்கோ ஏற்றிவிடுவதுதான் வழக்கம். சேலம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், கோவை ஏறக்குறைய நூறு. நாமக்கல் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் வந்தது. ஊரடங்கில் ஆம்புலன்ஸ் போனாலும், போன இடத்தில் படுக்கை கிடைக்குமா, முதலில் கொரோனா டெஸ்ட் எடுத்துவிட்டு வா என்பார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏப்ரலில் ஒரு காலை, அறுபது வயதைத் தாண்டிய ஒரு தறிக்காரரைப் பால் வண்டியில் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் தொங்கின. பேச முயன்றார், வார்த்தை வரவில்லை. எங்கள் ட்யூட்டி டாக்டர் கோவையிலிருந்த நரம்பியல் மருத்துவரை வாட்ஸ்ஆப் வீடியோவில் பிடித்தார். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

திரையில் தெரிந்தவர் முதலில் நோயாளியிடம் பேசவில்லை. "கடைசியா இவரை நல்லபடியா யார் பார்த்தீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்குக் காப்பி குடிச்சாருங்க. டம்ளரக்கூட அவரேதான் கழுவி வெச்சாரு. ஏழே காலுக்கு வாசல்ல உக்காந்தவரு எந்திரிக்கலீங்க" என்றார் மனைவி. அந்த அம்மாவுக்குப் படிப்பில்லை. ஆனால் அன்று அந்த அறையில் வேறு யார் சொன்னதைவிடவும் முக்கியமான சேதி அதுதான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் ஒவ்வொரு நிமிடமும் பெரிய கணக்கு: அடைப்பு ஏற்பட்ட மூளையில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் செத்துப்போகின்றன.

அடுத்து டாக்டர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "சிஸ்டர், அவரோட மாஸ்க்கைக் கழற்றுங்க. வாயைப் பார்க்கணும்." கழற்றினேன். வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வழியில் பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது. பக்கவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளத்தையே அந்த மாதங்களில் நாம் துணியால் மூடிவைத்திருந்தோம். கவச உடையும் இரட்டை மாஸ்க்கும் போட்டிருந்த எங்கள் பேச்சும் பெரியவருக்குச் சரியாகப் புரியவில்லை. அந்த அறையில் உதடு தெரியப் பேசியவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அந்த டாக்டர் ஒருவர்தான். "கையைத் தூக்குங்க ஐயா" என்று அவர் கையைத் தூக்கிக் காட்டியதும் பெரியவர் இடது கையைத் தூக்கினார். வலது கை படுக்கையை விட்டு எழவில்லை.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாக வேண்டும். கசிவு இருந்து இந்த ஊசியைப் போட்டால் ஆளையே கொன்றுவிடும். கணினித் திரையைப் போனில் படமெடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினோம். விளக்கு வெளிச்சம் பட்டு இரண்டு படங்கள் தெரியவில்லை, விளக்கை அணைத்து மறுபடி எடுத்தோம். மேல் ரத்த அழுத்தம் 200-ஐத் தொட்டிருந்தது, 185-க்குக் கீழே இறக்கினோம். எடை 60 கிலோ. கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் 54 மில்லிகிராம் மருந்து. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் செலுத்தி, மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டாக ஏற்ற வேண்டும். மகன் திருப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார், இன்னொரு போனில் அழுதுகொண்டே சம்மதம் சொன்னார். ஒன்பதரைக்கு மருந்து ஏறத் தொடங்கியது. சாயங்காலம் விரல்கள் அசைந்தன. பேச்சு திரும்ப மாதக்கணக்கானது. பயிற்சியும் வீடியோவில்தான் நடந்தது, மருமகள் போனைப் பிடித்துக்கொண்டார்.

அதே மாதம் இன்னொரு அம்மாவை அழைத்துவந்தார்கள். கை விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "கொரோனா வார்டுல போட்டுருவாங்கன்னு பயந்துட்டோமுங்க" என்றார்கள். கையில் புறா ரத்தம் தடவியிருந்தார்கள். அதே டாக்டர், அதே திரை. "இனி அந்த ஊசி போட முடியாதும்மா" என்று சொல்வதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின்னாளில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால், உலகமெங்கும் அந்த முதல் அலையில் பக்கவாதத்துக்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறைந்திருக்கிறார்கள். நோய் குறைந்திருக்காது. வீட்டிலேயே கிடந்திருக்கிறார்கள்.

தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை 2020 மார்ச் 25-இல் வெளியானது. ஏப்ரலில் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி புறநோயாளிகளுக்குத் திறந்தது, அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அது பெரிய உதவி. ஆனால் பக்கவாதத்தில் போன் கொண்டுவருவது ஒரு நிபுணரின் முடிவை மட்டுமே. ஸ்கேனும் மருந்தும் பார்த்துக்கொள்ள ஆளும் நோயாளியின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஹிமாச்சலப் பிரதேசத்தின் மலை மாவட்டங்களில் கொரோனாவுக்குப் பல வருடம் முன்பே அரசு மருத்துவமனைகளில் இதைச் செய்துகாட்டினார்கள். அங்கே முடிந்தது, நல்ல சாலையும் சிக்னலும் உள்ள நம் சமவெளியில் ஏன் முடியாது? ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இரவிலும் ஓடும் ஸ்கேன், ஃபிரிட்ஜில் அந்த மருந்து, அழைத்தால் எடுக்கும் ஒரு நரம்பியல் மருத்துவர்: அரசிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.